தெருவில் ஓடிய ரயில் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நான் ஓஹியோவில் கிரான்வில் பக்கம் இருக்கிறேன். சொந்த ஊர் கோவில்பட்டி. இங்கே ஒரு காபிக் கடைச் சுவரில் பழைய படம் ஒன்று மாட்டியிருக்கிறார்கள். நியூவார்க்குக்கும் கிரான்வில்லுக்கும் நடுவே 1889இல் ஓடத் தொடங்கிய மின்சார ரயில். பக்கத்தில் நின்ற பெரியவர், "ஊருக்கும் ஊருக்கும் நடுவே ஓடிய முதல் மின்சார ரயில் எங்களுடையதுதான்" என்றார். உண்மையா? கார் கம்பெனிகள் சதி செய்து இவற்றையெல்லாம் வாங்கி அழித்துவிட்டதாக ஒரு வீடியோவில் பார்த்தேன். மனசே ஆறவில்லை. இன்று பால் வாங்கக்கூடக் கார் எடுக்க வேண்டியிருக்கிறது. நம் ஊர்ப் பக்கம் ஏன் இப்படி ஒன்று வரவில்லை?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதம் வந்தபோது இண்டியானா மாநிலத்து மிச்சிகன் சிட்டியின் 11ஆவது தெருவைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்கு அப்புறம் வருகிறேன். சின்னக் கேள்விகளை முதலில் முடித்துவிடலாம்.

எது முதல் ரயில்? ஒரேகனில் போர்ட்லண்டிலிருந்து ஒரேகன் சிட்டிக்கு 1893இல் ஓடியதைச் சிலர் சொல்வார்கள். உங்கள் ஓஹியோவிலேயே சாண்டஸ்கி, மிலன், நார்வாக் ஊர்களை இணைத்த பாதையும் அதே வருடம்தான். ஊர் எல்லையைத் தாண்டி எத்தனை மைல் போனால் அது டிராம் இல்லை, இன்டர்அர்பன், அதாவது ஊர்களுக்கு நடுவே ஓடும் மின்சார ரயில் என்று ஆளுக்கொரு கணக்கு வைத்திருக்கிறார்கள். கிரான்வில் பாதை ஏழு மைல்தான். இருக்கட்டுமே. பெரியவர் சொன்னதை அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள். மறுத்து அவரிடம் சண்டைக்குப் போய்விடாதீர்கள்.

நம் ஊர் பற்றிக் கேட்டீர்கள். மதராஸில் 1895லேயே மின்சார டிராம் ஓடியது, 1953 வரை. கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் 1931இல் வந்தது. கோவில்பட்டிக்கு ஏன் வரவில்லை என்பது வேறு கதை. இன்றைக்கு வேண்டாம்.

சரி, வீடியோ. இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. சுவரில் ஒரு படத்தைப் பார்த்து நின்றீர்களே, அந்த நிற்றல் அருமையானது. அடுத்ததாக அந்த ஊர் நூலகத்துக்குப் போயிருக்க வேண்டாமா? வீட்டுக்குப் போய்க் கைபேசியைத் திறந்தால் அது உங்களுக்கு ஒரு வில்லனைத்தான் தரும், வேறு என்ன தரும்?

வீடியோ சொல்லும் வழக்கு நிஜம். நேஷனல் சிட்டி லைன்ஸ் என்ற பஸ் கம்பெனி 1936இல் உருவானது. ஜெனரல் மோட்டார்ஸ், ஃபயர்ஸ்டோன், கலிஃபோர்னியாவின் ஸ்டாண்டர்டு ஆயில் முதலியவை அதில் பணம் போட்டன. பல நகரங்களின் டிராம் கம்பெனிகளை வாங்கி அது பஸ் விட்டது. பஸ், டயர், எரிபொருள் விற்பனையைத் தங்களுக்குள்ளேயே வைத்துக்கொள்ளச் சதி செய்ததாக 1949இல் சிகாகோவில் தீர்ப்பானது. ஜெனரல் மோட்டார்ஸுக்கு அபராதம் 5,000 டாலர். சிரித்துக்கொள்ளுங்கள். ஆனால் அது நகரத்து டிராம்களின் கதை. ஊர்களுக்கு நடுவே ஓடியவற்றில் பெரும்பகுதி அதற்கு முன்பே செத்துப்போயிருந்தது. கொலம்பஸ், நியூவார்க், ஸேன்ஸ்வில் பாதைகளையெல்லாம் 1907இல் ஒரே குடைக்குள் கொண்டுவந்த ஓஹியோ எலக்ட்ரிக் கம்பெனி, 1921இல் நொடித்துச் சிதறிவிட்டது. பிணத்தை எடுத்துப் பதினைந்து வருடம் கழித்துப் பிறந்தவனைக் கூண்டில் ஏற்றுகிறீர்கள்.

அந்த ரயில் எப்படிப்பட்டது என்று வீடியோ ஒரு வரியாவது சொன்னதா? சொல்லியிருக்காது. 1888இல் ரிச்மண்ட் நகரத்தில் ஃபிராங்க் ஸ்ப்ரேக் என்ற பொறியாளர் மின்சார டிராமை ஒழுங்காக ஓட்டிக் காட்டினார். அதன் பிறகுதான் எல்லாரும் துணிந்தார்கள். ஆனால் ஒரு சிக்கல். 600 வோல்ட் நேர்மின்சாரம் கம்பியில் வெகுதூரம் தாங்காது, போகப் போக அழுத்தம் விழுந்து வண்டி திணறும். உயர் அழுத்த மாறுமின்சாரத்தைத் தூரத்துக்குக் கொண்டுபோய், வழியில் சில மைலுக்கு ஒரு செங்கல் கட்டடம் கட்டி, அங்கே சுழலும் இயந்திரத்தை வைத்து நேர்மின்சாரமாக மாற்றிக் கம்பிக்குக் கொடுப்பது என்று ஒரு வழி கண்டுபிடித்தார்கள். அப்புறம்தான் பாதைகள் நூறு மைல் நீண்டன. அந்தக் கட்டடங்கள் பலவற்றில் ஒரு பக்கம் இயந்திரம் இரைந்துகொண்டிருக்கும், மறுபக்கம் டிக்கெட் ஜன்னல். இரண்டையும் ஒரே ஆள் பார்த்துக்கொள்வார். சில இடங்களில் குடும்பத்தோடு குடியிருப்பும் அங்கேயேதான். ராத்திரியெல்லாம் அந்த இரைச்சலில் தூங்கிய பிள்ளைகளைப் பற்றி எனக்கு ஒரு நாவலே எழுத ஆசை உண்டு. எழுத மாட்டேன், விடுங்கள்.

நீராவி ரயில் அந்தச் சின்ன ஊர்களுக்கு நாளுக்கு இரண்டு மூன்று தடவை வரும். இது பெரும்பாலும் மணிக்கு ஒன்று. கட்டணமும் குறைவு. வயல் முனையில் நின்று கையைக் காட்டினால் நிற்கும், நம் ஊர் டவுன் பஸ் மாதிரி. பால் கேன் ஏறும், முட்டைக் கூடை ஏறும், சந்தைக்குப் போகும் பெண்கள் ஏறுவார்கள். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்காகக் கம்பெனிகளே பாதை ஓரமாகக் கேளிக்கைப் பூங்காக்கள் நடத்தின. வழியில் இருந்த பண்ணை வீடுகளுக்கும் ஊர்களுக்கும் மின்சாரம் விற்றன. 1916 வாக்கில் அமெரிக்காவில் சுமார் 15,500 மைல் இப்படி ஓடியது. ஓஹியோவில் மட்டும் 2,800 மைல் அளவில். இண்டியானாபொலிஸில் 1904இல் இதற்கென்றே ஒன்பது தண்டவாளம் கொண்ட நிலையம் கட்டினார்கள்.

புனிதமாக்கிவிடவும் வேண்டாம். ஒற்றைப் பாதை, டெலிபோனில் உத்தரவு, மரப்பெட்டிகள். 1910இல் இண்டியானாவின் கிங்ஸ்லண்ட் அருகே, எதிர் வண்டிக்கு ஒதுங்கி நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் ஒரு வண்டி போய்விட்டது. நேருக்கு நேர் மோதிச் சுமார் 40 பேர் இறந்தார்கள். பங்கு விற்றுப் பணம் பார்ப்பதற்காகவே ஆளில்லாத காட்டில் பாதை போட்ட புண்ணியவான்களும் உண்டு.

இனி நான் சொல்ல வந்தது. யார் கொன்றார்கள் என்று கேட்பதை விட்டுவிட்டு, சாலைக்கு யார் காசு கொடுத்தார்கள் என்று கேளுங்கள்.

ரயில் கம்பெனி நிலத்தைத் தானே வாங்கியது. தண்டவாளம், கம்பம், கம்பி, மின்நிலையம் எல்லாம் கடன் வாங்கிப் போட்டது. அத்தனைக்கும் சொத்துவரி கட்டியது. இதோடு போகவில்லை. ஊருக்குள் தெருவில் ஓட அனுமதி வேண்டுமென்றால், தண்டவாளங்களுக்கு நடுவிலும் இரு பக்கமும் ஓரடி இரண்டடிக்கும் தெருவுக்குத் தளம் போட்டு, அதைக் கம்பெனியே பராமரிக்க வேண்டும். இந்த விதி குதிரை டிராம் காலத்தில் வந்தது. குதிரைக் குளம்பு தெருவைத் தேய்க்கிறது, ஆகவே நீ செப்பனிடு. நியாயம்தான். ஆனால் மின்சார வண்டிக்கு ஏது குளம்பு? குதிரை போன பிறகும் பல ஊர்களில் விதி போகவில்லை. அந்த வழுவழுப்பான தளத்தின் மேல் ஏறி ஓடியது யார் தெரியுமா? ஃபோர்டு கார். அதன் பின்னாலேயே, ரயில் நின்ற அதே முனைகளில் நின்று அதே பயணிகளை ஏற்றிக்கொண்ட பஸ். எதிராளிக்குக் கம்பளம் விரித்த செலவும் ரயிலின் கணக்கில்தான் விழுந்தது.

மறுபக்கம் 1916இல் மத்திய அரசு சாலைகளுக்குப் பணம் தரச் சட்டம் போட்டது. 1919இல் ஒரேகன் பெட்ரோல் வரி கொண்டுவந்து சாலைக்குச் செலவிட்டது, மற்ற மாநிலங்களும் பின்னாலேயே வந்தன. 1900இல் நாடு முழுக்க 8,000 கார், 1920இல் 80 லட்சம். சாலையிடம் மட்டும் வருஷக் கடைசியில் லாபம் எவ்வளவு என்று யாரும் கேட்டதில்லை.

இதைச் செய்தது டெட்ராய்ட் கார் முதலாளிகள் மட்டும்தானா? சேற்றில் வண்டி புதைந்து தவித்த விவசாயிகளே நல்ல சாலை கேட்டார்கள். 1900இல் ரயில் வந்த அன்று பாண்டு வாத்தியத்தோடு வரவேற்றவர்களும் அவர்களும் ஒரே ஆட்கள்தான். கார் வாங்கியதும் ரயிலை மறந்தார்கள். அவர்களைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. எஸ்., நீங்களும் நானும் அங்கே இருந்தாலும் அதைத்தான் செய்திருப்போம். சதிக்கதை கேட்டு மனசு ஆறவில்லை என்கிறீர்கள். இந்தக் கணக்கைப் பார்த்து ஆறாமல் இருங்கள், உபயோகமாக இருக்கும்.

சும்மா விட்டுக்கொடுக்கவும் இல்லை அவர்கள். 1930இல் சின்சினாட்டி அண்ட் லேக் ஈரி கம்பெனி அலுமினியத்தில் இலகுவான சிவப்பு வண்டிகள் செய்து, டேட்டன் அருகே ஒரு விமானத்தோடு பந்தயம் விட்டது. மணிக்கு 90 மைலுக்கு மேல். பத்திரிகைகளில் எல்லாம் வந்தது. 1939இல் கம்பெனி மூடப்பட்டது.

மிச்சிகன் சிட்டிக்கு வருகிறேன். சிகாகோவிலிருந்து சௌத் பெண்டுக்கு ஓடும், 1908இல் தொடங்கிய சௌத் ஷோர் ரயில்தான் பழைய இன்டர்அர்பன்களில் இன்னும் ஓடுவது. சில வருடங்களுக்கு முன் ஒரு வாசகர் என்னை அதில் கூட்டிப்போனார். மிச்சிகன் சிட்டி வந்ததும், முழு நீள ரயில் சாதாரணத் தெருவுக்குள் திரும்பியது. இரண்டு பக்கமும் வீடுகள், வாசல்படிகள், மரம். ஒருவர் புல் வெட்டிக்கொண்டிருந்தார், தலையைத் தூக்கிப் பார்க்கவில்லை. எங்களுக்குப் பின்னால் ஒரு கார் பொறுமையாக ஊர்ந்தது. நிறுத்தத்தில் ஒரு பெண் மளிகைப் பையோடு நேரே தெருவில் இறங்கி, ரயிலைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நடந்தார். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. கூட வந்தவர் பதறிப்போய்த் தண்ணீர் கொடுத்தார்.

2022இல் தெருவிலிருந்து அந்தத் தண்டவாளத்தை எடுத்துவிட்டார்கள். ரயில் நிற்கவில்லை, பக்கத்திலேயே தனியாக இரட்டைப் பாதை போட்டு வேகமாக ஓட்டுகிறார்கள். ஓடிக்கொண்டிருப்பதற்குக் காரணம் சரக்கும் சிகாகோ போய்வரும் கூட்டமும் மட்டுமல்ல. 1977இல் இண்டியானா ஒரு பொது அமைப்பை உருவாக்கி மக்கள் பணத்தை அதில் போட ஆரம்பித்தது. சாலைக்குக் கிடைத்தது அறுபது வருடம் தாமதமாக இந்த ஒரு ரயிலுக்குக் கிடைத்தது. புலம்பாமல் நான் சந்தோஷப்படத்தான் வேண்டும். முக்கால்வாசி படுகிறேன்.

உங்களுக்கு ஒரு வேலை. கொலம்பஸ் பக்கம் வொர்திங்டனில் ஓஹியோ ரயில்வே மியூசியம் இருக்கிறது, பழைய இன்டர்அர்பன் பாதையின் மேலேயே. 1905இல் ஓஹியோவின் நைல்ஸ் ஊரில் கட்டிய 21ஆம் எண் மரவண்டி அங்கே உண்டு. திறந்திருக்கும் நாளை விசாரித்துக்கொண்டு, முடிந்தால் அந்தப் பெரியவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். காரில்தான் போக வேண்டியிருக்கும், வேறு வழியில்லை. போய் வந்து எழுதுங்கள். வீடியோ இணைப்பு எதுவும் அனுப்ப வேண்டாம்.