அம்மாவைப் பார்க்க வீட்டோடு ஓர் ஆள்

கேள்வி: 74 வயது அம்மாவுக்குப் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் பலமில்லை, பேச்சும் தெளிவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வெள்ளவத்தை ஃபிளாட்டுக்குக் கூட்டி வந்துவிட்டோம். நான் வேலைக்குப் போக வேண்டும். கனடாவில் இருக்கும் அண்ணா, வீட்டோடு தங்கிப் பார்க்க ஆள் எடுக்கச் சொல்கிறார். கிடைத்திருப்பவர் ஒரு சிங்களப் பெண். அவர் என்னென்ன செய்வார்? சமையலையும் கொடுக்கலாமா?

பதில்: தங்கச்சி, சமையலில் இருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் பல வீடுகளில் பிரச்சினை அங்கேதான் முளைக்கிறது. அம்மாவுக்குக் கஞ்சி வைப்பது, அவருடைய உடுப்புத் தோய்ப்பது எல்லாம் சரி. முழு வீட்டுக்கும் சோறு கறி என்று அந்தப் பெண்ணைக் குசினியில் நிறுத்தினால், அந்த நேரம் பார்த்து அம்மா தனியே எழும்பப் பார்ப்பார், விழுந்தும் விடுவார்.

மற்றபடி குளிக்க வார்ப்பது, பாத்ரூமுக்குக் கூட்டிப்போவது, குளிசையை நேரத்துக்குக் கொடுப்பது, பிசியோதெரபியில் காட்டிய பயிற்சியைத் தினமும் செய்விப்பது, கிளினிக்குக்குத் துணை போவது, பின்னேரம் வீல் செயாரில் கடற்கரைப் பக்கம் காற்று வாங்கக் கொண்டுபோவது எல்லாம் அவர் செய்யலாம். ஆனால் முதல் நாளே பக்கத்தில் நின்று பாருங்கள். சட்டையைப் பலமில்லாத கையில்தான் முதலில் போட வேண்டும், கழற்றும்போது அந்தக் கை கடைசி. அந்தக் கையைப் பிடித்து இழுத்து எழுப்பவே கூடாது, தோள்மூட்டு கெட்டுவிடும். சாப்பாடு நிமிர்ந்து உட்கார வைத்துத்தான், ஒரு வாய் விழுங்கிய பிறகு அடுத்த வாய். தண்ணீர் குடிக்கும்போது இருமினால் வைத்தியரிடம் உடனே சொல்லுங்கள்.

சிறுநீர்க் குழாய் மாற்றுவதும் புண்ணுக்கு மருந்து கட்டுவதும் தாதியின் வேலை, அதை இந்தப் பெண்ணிடம் கேட்காதீர்கள். வாய் மறுபடி கோணினாலோ பேச்சு இன்னும் குழறினாலோ உங்களுக்குப் போன் எடுத்துக்கொண்டு நிற்காமல் 1990 சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிடச் சொல்லி, நம்பரை ஃபிரிட்ஜில் ஒட்டிவையுங்கள்.

அப்புறம் இரவு. என் மாமியைப் பார்த்த பிள்ளை இரவெல்லாம் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதரம் அவரைப் புரட்டிப் படுக்க வைத்துவிட்டு, பகலில் கஞ்சிக் கோப்பையைக் கையில் பிடித்தபடியே கதிரையில் தூங்கிப் போனாள். எனக்கு இன்றைக்கும் மனம் பொறுக்கவில்லை, அவளைத் தூங்க விடாதது நாங்கள்தான். இரவில் புரட்ட வேண்டியிருந்தால் பாதி இரவை நீங்கள் எடுங்கள், அல்லது இரவுக்கு வேறு ஆள் வைக்க வேண்டும் என்று அண்ணாவிடம் சொல்லுங்கள். வாரத்தில் ஒரு நாள் லீவும் முதலிலேயே பேசிவிடுங்கள்.

பாஷையை நினைத்துப் பயப்படாதீர்கள். தண்ணி, நோகுது, குளிருது, பாத்ரூம் என்று அம்மா வாயில் வரக்கூடிய பத்துச் சொற்களைச் சிங்கள எழுத்தில் எழுதிக் கொடுத்து, அம்மா சொல்கிற மாதிரியே ஒருதரம் சொல்லியும் காட்டுங்கள்.