பைக் சத்தம் கேட்டால் கை விறைக்கிறது

கேள்வி: முக்கூடல் பக்கம் பீடி சுற்றுகிறேன். வயது 38. பதினோரு வருடம் வீட்டுக்காரரிடம் அடி வாங்கினேன். இரண்டு வருடமாக அம்மா வீட்டில் இருக்கிறேன். இன்றும் ராத்திரி தெருவில் பைக் சத்தம் கேட்டால் கை விறைத்துப் போகிறது. காத்துக் கருப்பு என்று அம்மா கயிறு கட்டினாள். மதினியோ, “அதான் விட்டுட்டு வந்தாச்சே, இன்னும் என்ன?” என்கிறாள். எனக்குப் புத்தி பேதலிக்கிறதா அக்கா?

பதில்: இல்லம்மா, பேதலிக்கவில்லை. பைக் நிற்கிற விதத்தை வைத்தே அவர் குடித்திருக்கிறாரா என்று கணித்திருப்பீர்கள், பிள்ளைகளை உள்ளே அனுப்பியிருப்பீர்கள். அந்தக் காவல்தான் உங்களைக் காப்பாற்றியது. அவர் இங்கே இல்லை என்பது மனசுக்குத் தெரியும்; உடம்பு இன்னும் காவல் நிற்கிறது. போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களுக்கும் இப்படித்தான் இருந்தது. அமெரிக்க மனநல மருத்துவர்கள் 1980-ல் அதற்கு PTSD, அதாவது பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மன உளைச்சல் நோய், என்று பெயர் வைத்தார்கள். வீட்டுக்குள் அடிபட்ட பெண்களுக்கும் அதே காயம்தான் என்று அடித்துச் சொன்னவர்களில் ஜூடித் ஹெர்மன் என்ற பெண் மருத்துவர் முக்கியமானவர். முதலில் பத்திரமாக இருப்பது, நடந்த கதையைச் சொல்வதெல்லாம் அப்புறம் என்பார் அவர்.

அதனால் மதினிக்கோ டாக்டருக்கோ எல்லாவற்றையும் ஒரே நாளில் சொல்லித்தீர வேண்டாம். எதை, எப்போது, யாரிடம் என்பது உங்கள் முடிவு. பெண் டாக்டர் வேண்டும் என்று கேட்கலாம். முதலில் பேசிப் பார்க்க அரசின் மனநல உதவி எண் 14416 இருக்கிறது. இலவசம், தமிழிலேயே பேசலாம். வீட்டுக்காரர் வந்து மிரட்டினால் பெண்கள் உதவி எண் 181. பிரிந்து வந்த பிறகும் 2005-ம் வருடத்துக் குடும்ப வன்முறைச் சட்டம் உங்களுக்கு உண்டு.

கயிறு கையில் இருக்கட்டும், அம்மா பயந்து கட்டியது. என் பெரியம்மா வருடம் ஒரு தடவை சுடலைமாடன் கோயில் கொடையில் சாமி ஆடுவார், ஆடி முடித்து ஓவென்று அழுவார். மற்ற நாளெல்லாம் வாய் திறந்ததே இல்லை. உனக்கு என்ன நடந்தது என்று நாங்கள் ஒருத்தரும் கேட்கவில்லை. அது இன்றும் எனக்கு ஆறவில்லை.

சத்தம் கேட்டதும் சுளகை ஓரமாக வையுங்கள். நனைத்த இலைக் கட்டை இரண்டு கையாலும் பிடித்து, அந்தக் குளிர்ச்சியைக் கொஞ்ச நேரம் உணருங்கள். பிறகு நீங்களே எழுந்து போய்த் தாழ்ப்பாளைப் பாருங்கள். அம்மாவிடம் ஒன்று கேளுங்கள்: பைக் வருகிற நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து நாலு இலை வெட்டித் தருவார்களா என்று.