மாரிக்கு முன் வான் வண்டியின் தண்ணீர்த் தாங்கியை வடித்து வைத்தல்: கேள்வி பதில்

அறுகம்பையில் அலைச்சறுக்குப் பருவம் ஐப்பசியோடு ஓய்ந்துவிடும். அதுவரை வாடகைக்கு ஓடிய, சமையலறையும் குளியலறையும் உள்ள வான்கள் அதன் பிறகு மாதக்கணக்கில் கொட்டிலில் நிற்கும். ஜெர்மனியில் இவ்வகை வான்களைத் திருத்தும் பட்டறையொன்றில் எட்டு ஆண்டுகள் வேலை செய்துவிட்டு, இப்போது கல்லடியில் நீர்ப்பம்பிகள் திருத்தி வருகிறேன். அந்த அனுபவத்தைக் கொண்டு உங்கள் கேள்விகளுக்கு விடை எழுதுகிறேன்.

கேள்வி (பொத்துவில்): அண்ணன், நமது பக்கம் தண்ணீர் உறைவதே இல்லை. அப்படியிருக்க, வெளிநாட்டார் செய்வதுபோல் நாமும் ஏன் தாங்கியை வடிக்க வேண்டும்? நிறைத்தே விட்டால் என்ன?

பதில்: குளிர்நாடுகளில் வடிப்பதற்குக் காரணம், நீர் பனிக்கட்டியாகும்போது ஏறத்தாழ 9 வீதம் பருத்து, குழாயையும் பம்பியையும் வெடிக்கச் செய்வதுதான். நமக்கு அந்த ஆபத்து இல்லை. ஆனால் வெதுவெதுப்பான மூடிய தாங்கியில் அசையாமல் கிடக்கும் நீரிலுள்ள குளோரின் சில நாட்களில் போய்விடும், அதன் பின் கிருமிகள் சுவர்களில் படலமாகப் படியத் தொடங்கும். சென்ற தை மாதம் ஒரு வானின் பம்பிக்கு முன்னுள்ள சிறு வடிகட்டிக் கிண்ணத்தைத் திருகிக் கழற்றினேன். வலையின் மேல் இளநீர் வழுக்கையைப்போல் வெண்மையான கொழகொழப்பு ஒட்டியிருந்தது. விரலால் இழுத்தபோது முழுப் படலமாகவே உரிந்து வந்தது. அந்த வானின் உரிமையாளர் தாங்கியை வடித்திருந்தார், கிண்ணத்தை மட்டும் மறந்துவிட்டார்.

ஆகவே முறை இதுதான். முதலில் சுடுநீர்க் கலனை நிறுத்தி, அது நன்றாக ஆறிய பின் அழுத்தத்தை வெளியேற்றி அதன் அடைப்பைத் திறவுங்கள். சூட்டோடு திறந்தால் கை வெந்துவிடும். வடிகுழாய் உள்ள பக்கம் தாழும்படி வானைச் சற்றுச் சாய்வாக நிறுத்தி, நல்ல நீர்த் தாங்கி, கழிவுநீர்த் தாங்கி இரண்டையும் வடியுங்கள். பின்னர் எல்லாக் குழாய்களையும் திறந்து வையுங்கள்; ஒற்றைப் பிடியுள்ள குழாயானால் பிடியை நடுவில் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் சுடுநீர்ப் பக்கத்திலோ குளிர்நீர்ப் பக்கத்திலோ நீர் தங்கிவிடும். குளியல் பூவாளியைத் தரையில் இறக்கி வையுங்கள், உயரத்தில் தொங்கினால் அதன் குழாய் வடியாது. கடைசியாக வடிகட்டிக் கிண்ணத்தைக் கழற்றிக் கழுவி, காய்ந்த பின் பூட்டுங்கள்.

கேள்வி (அக்கரைப்பற்று): மீதி நீரைத் தள்ளுவதற்குப் பம்பியை வெறுமையாக ஓட விடலாமா? எரிந்துவிடும் என்று கடையில் சொன்னார்கள்.

பதில்: எந்தப் பம்பி என்பதைப் பொறுத்தது, தம்பி. தாங்கிக்கு வெளியே பூட்டப்பட்டு, இறப்பர்ச் சவ்வு அசைவதால் நீரை இழுக்கும் 12 வோல்ற்றுப் பம்பியை அரை நிமிடம் வெறுமையாக ஓட விடலாம், தீங்கில்லை. ஐரோப்பிய வான்கள் பலவற்றில் தாங்கிக்குள்ளேயே மூழ்கிக் கிடக்கும் சிறு பம்பி இருக்கும். அதற்கு நீர்தான் குளிர்ச்சி தருவது; வெறுமையாக ஓட்டினால் விரைவில் பழுதாகும். கடைக்காரர் இதை நினைத்தே சொல்லியிருப்பார். தாங்கியின் மூடியைத் திறந்து பாருங்கள், எந்த வகை என்று தெரிந்துவிடும்.

கேள்வி (செங்கலடி): தை மாதம் நுவரெலியாவுக்கு வானைக் கொண்டுபோக விரும்புகிறோம். அங்கே உறைபனி விழுகிறதே?

பதில்: புல்லின் மேல் விழும் அந்த வெண்பனி விடியற்காலையில் சில மணி நேரமே இருக்கும், தாங்கியிலுள்ள நீர் அதற்குள் உறையாது. வெளியே கிடக்கும் குழாயை மட்டும் இரவில் கழற்றி வடித்துவிடுங்கள். ஒன்றைக் கவனியுங்கள்: சில ஐரோப்பியச் சுடுநீர்க் கலன்களில் 3 பாகை செல்சியஸ் அளவில் தானே திறந்து நீரை ஊற்றிவிடும் பாதுகாப்பு வால்வு உண்டு. காலையில் வானுக்கடியில் ஈரத்தைக் கண்டால் ஓட்டை என்று பதற வேண்டாம்.

கேள்வி (ரொறன்ரோ, சொந்த ஊர் களுவாஞ்சிக்குடி): மாமா, இங்கே நான் ஒரு வான் வாங்கியிருக்கிறேன். கார் எஞ்சினுக்கு ஊற்றும் உறைதடுப்புத் திரவத்தையே தண்ணீர்க் குழாய்க்கும் ஊற்றலாமா?

பதில்: ஒருபோதும் கூடாது, மருமகன். எஞ்சினுக்கு உரியதில் பெரும்பாலும் எத்திலீன் கிளைக்கோல் இருக்கும், அது நஞ்சு. குடிநீர்க் குழாய்க்கென்று புரொப்பிலீன் கிளைக்கோலில் செய்த இளஞ்சிவப்புத் திரவம் அங்கே விற்கிறார்கள், அதையே வாங்குங்கள். மேலே சொன்னபடி வடித்த பின், சுடுநீர்க் கலனுக்குள் போகாதபடி அதன் மாற்றுவழி வால்வைத் திருப்பிவிடுங்கள். இதை மறந்தால் இருபது லீற்றருக்கும் மேல் கலனை நிரப்பவே வீணாகும். பம்பியின் உறிஞ்சு குழாயைப் போத்தலுக்குள் விட்டு, தூரத்திலுள்ள குழாய் வரை ஒவ்வொன்றிலும் சுடுநீர், குளிர்நீர் இரண்டிலும் இளஞ்சிவப்பு நிறம் வரும்வரை திறவுங்கள். வெளிப்புறக் குளியல் குழாயையும் கழிவறையையும் பலர் விட்டுவிடுகிறார்கள். கழுவுதொட்டிகளின் அடியிலுள்ள வளைகுழாய்களிலும் ஒவ்வொரு கோப்பை ஊற்றுங்கள்.

கேள்வி (ஆரையம்பதி): பக்கத்து வீட்டு முற்றத்தில் நிற்கும் வானிலிருந்து நுளம்பு வருகிறது. சொன்னால் தாங்கி மூடித்தான் இருக்கிறது என்கிறார்கள்.

பதில்: மூடி இருந்தாலும் காற்றுக்குழாய் திறந்திருக்கும், அக்கா. அதன் வாயில் மெல்லிய வலை கட்டச் சொல்லுங்கள். குளவி மண்கூடு கட்டி அடைப்பதையும் அது தடுக்கும். டெங்கு நுளம்பின் முட்டை சுவரில் ஒட்டிக் காய்ந்தும் மாதக்கணக்கில் பிழைத்திருந்து, மீண்டும் நீர் பட்டவுடன் பொரிக்கும். ஆகவே நீரை ஊற்றிவிடுவது போதாது, உட்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். மழைக்காலத்தில் நமது மாவட்டத்தில் டெங்கு கூடுவது எல்லோருக்கும் தெரிந்ததே. தயங்காமல் மறுபடியும் சொல்லுங்கள்.

கேள்வி (பொத்துவில், மற்றொருவர்): பங்குனியில் மீண்டும் திறக்கும்போது எவ்வளவு குளோரின் விட வேண்டும்? வீட்டுக் கிணற்று நீரால் நிரப்பலாமா?

பதில்: வாசனை சேர்க்காத 5 வீதக் குளோரின் திரவமானால் 100 லீற்றர் நீருக்கு 100 மில்லிலீற்றர். எல்லாக் குழாய்களிலும் குளோரின் மணம் வரும்வரை ஓடவிட்டு, நான்கு மணி நேரம் நிறுத்தி வைத்து, மணம் போகும்வரை அலசுங்கள். உப்புப் படிவை நீக்க வினாகிரி விடுவதானால் அதை வேறொரு நாளில் செய்யுங்கள், இரண்டும் கலந்தால் நச்சு வாயு கிளம்பும். கிணற்றைப் பொறுத்தவரை, கடற்கரை மணலில் நல்ல நீர் மெல்லிய படையாகவே உவர் நீரின் மேல் மிதக்கிறது, பம்பியால் ஒரேயடியாக இறைத்தால் உவர் மேலே ஏறும். 2011 தை வெள்ளத்தில் மலசலகூடக் குழியும் கிணறும் ஒரே நீராகிப்போனதை நான் கண்ணால் கண்டவன். வெள்ளம் ஏறிய கிணற்றை இறைத்துக் குளோரின் இடும்வரை அதன் நீரை வானுக்குள் விடாதீர்கள். குழாய் நீர் கிடைக்குமானால் அதையே பிடியுங்கள்.