கச்சான் காற்றும் உள்ளித்தூளும்

டீச்சரிடம் கேளுங்கள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: டீச்சர், விலை இறங்கிய நேரம் பார்த்து ஐந்து கிலோ உள்ளி (வெள்ளைப்பூண்டு) வாங்கினேன். இப்போது பாதி முளைக்கத் தொடங்கிவிட்டது. வீட்டிலேயே தூளாக்கி வைக்கலாமா? கடைத்தூள் மாதிரி வெள்ளையாக வருமா? ஓவன் இல்லை, மிக்சி இருக்கிறது.
வாசகி, பாண்டிருப்பு

பதில்: தாராளமாகச் செய்யலாம், மகள். ஓவன் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். இது ஆனி மாதம். கச்சான் அடிக்கத் தொடங்கிவிட்டது. மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு, எங்கள் கிழக்குப் பக்கம் இறங்கும்போது காய்ந்து சூடேறி வருகிற காற்று அது. உடம்பு எரிகிறது, தலை இடிக்கிறது என்று எல்லோரும் ஏசுகிறோம். உள்ளி காயப்போட அதைவிட நல்ல காற்று கிடையாது.

உரித்த உள்ளியில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 60 கிராம் தண்ணீர்தான். அந்தத் தண்ணீரை மெதுவாக வெளியேற்றுவதுதான் முழு வேலையும். அவசரப்படுகிற இடத்தில்தான் தூள் கெடுகிறது.

முதலில் பற்களைப் பிரித்து ஒரு மணித்தியாலம் வெயிலில் போடுங்கள். பிறகு சுளகில் வைத்துக் கையால் தேய்த்தால் தோல் கழன்றுவிடும். சிலர் எண்ணெய் பூசி வெயிலில் வைத்து உரிப்பார்கள். கறிக்கு அது சரி, தூளுக்குக் கூடாது. எண்ணெய் பட்டால் தூள் நாளடைவில் சிக்குவாசம் அடிக்கும். தண்ணீரில் ஊறவைத்து உரிப்பதையும் தவிருங்கள். வெளியேற்ற வேண்டிய தண்ணீரை நாமே ஏன் கூட்ட வேண்டும்? முளைத்த பல்லை எறிய வேண்டாம். நீளவாக்கில் பிளந்து நடுவில் உள்ள பச்சைக் குருத்தை மட்டும் எடுத்துவிடுங்கள், அதுதான் கசக்கும். பூஞ்சணம் பிடித்தது, கறுத்தது, பிசுபிசுத்தது என்றால் இரக்கம் பார்க்காமல் எறியுங்கள்.

இனி நறுக்க வேண்டும். இரண்டு மூன்று மில்லிமீற்றர் தடிப்பு, எல்லாம் ஒரே அளவில். இடிக்கவோ அரைக்கவோ வேண்டாம். களியாகித் தட்டோடு ஒட்டிப்போகும். நறுக்கிய துண்டு சிலவேளை பச்சையாகவோ நீலமாகவோ மாறும். குளிர்அறையில் கிடந்து வந்த உள்ளியில் இது நடப்பதுண்டு. நஞ்சு இல்லை, பயப்படாதீர்கள்.

சுளகில் வெள்ளைத்துணி விரித்து, துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பரப்பி, நான்கு மூலைக்கும் செங்கல் வைத்து உயர்த்திவிடுங்கள். காற்று அடியாலும் போக வேண்டும். மேலே மெல்லிய துணியை இழுத்துக் கட்டுங்கள். பாண்டிருப்பும் எங்கள் கல்லடி போலக் கடற்கரை மண், கச்சானுக்குப் புழுதி பறக்கும். பல்லில் மணல் கடிபடுகிற உள்ளித்தூளை யாரும் இரண்டாம் தரம் தொடமாட்டார்கள். பொழுது சாயும் முன்னே உள்ளே எடுத்து, ஆறவிட்டு, மூடியுள்ள தகரத்தில் வையுங்கள். இரவு வெளியில் விட்டால் பகல் முழுக்கக் காய்ந்தது ஈரத்தைத் திரும்பக் குடித்துவிடும்.

நல்ல வெயிலுக்கு இரண்டு முதல் நான்கு நாள் பிடிக்கும். நாளை எண்ணாதீர்கள், துண்டை ஒடித்துப் பாருங்கள். வளைந்தால் இன்னும் காய வேண்டும். சட்டென்று உடைந்து, உடைந்த இடமும் காய்ந்திருந்தால் சரி. தடித்த துண்டுகளில் நாலைந்தை ஒடித்துப் பாருங்கள். மெல்லியது எப்போதும் முந்திவிடும்.

அதோடு அரைக்க ஓடாதீர்கள். இந்த இடத்தைத்தான் அனேகமானோர் விட்டுவிடுகிறார்கள். காய்ந்த துண்டுகளைக் கண்ணாடிப் போத்தலில் முக்கால்வாசி போட்டு மூடி, ஒரு கிழமை வைத்து, தினமும் ஒருமுறை குலுக்குங்கள். உள்பக்கம் நீர் பனித்தாலோ துண்டுகள் ஒட்டினாலோ திரும்ப வெயிலுக்கு எடுங்கள். ஒன்றுமில்லை என்றால் இனி மிக்சிக்குப் போகலாம். தொடர்ந்து ஓடவிடாமல் விட்டுவிட்டு அரையுங்கள், சூடேறினால் தூள் இளகி ஒட்டும். நிறுத்தியதும் மூடியைத் திறக்காதீர்கள், கண்ணும் மூக்கும் எரியும், தூள் அடங்கட்டும். அரிதட்டில் அரித்து, மிஞ்சும் குறுநொயைத் தனியாக வைத்தால் பருப்புக்கும் சூப்புக்கும் அருமையாக இருக்கும்.

முழு உள்ளி ஒரு கிலோவுக்கு 300 கிராமை ஒட்டித் தூள் கிடைக்கும். விற்க நினைத்தால் அந்தக் கணக்கை வைத்து விலை போடுங்கள், அல்லது நட்டப்படுவீர்கள். நிறம் கடைத்தூள் போல வெள்ளையாக வராது, வெளிர்மஞ்சளாக இருக்கும். மணத்தில் நம் தூள் முன்னுக்கு நிற்கும்.

கேள்வி: மழைக்காலத்தில் உள்ளியைத் தாச்சியில் போட்டு ஈரம் போகுமட்டும் வறுத்து இடித்தேன். கசக்கிறது, உள்ளி வாசமே இல்லை. பக்கத்து பேக்கரிப் போறணையில் வைத்துத் தருகிறோம் என்கிறார்கள். வைக்கலாமா டீச்சர்?
வாசகி, காத்தான்குடி

பதில்: முழு உள்ளிப்பல்லை மோந்து பாருங்கள், பெரிதாக மணக்காது. வெட்டினால்தான் மணம் எழும்பும். உள்ளிக்குள் அல்லீன் என்ற பொருளும் அல்லினேஸ் என்ற நொதியமும் வேறுவேறு அறைகளில் இருக்கின்றன. வெட்டும்போது இரண்டும் சந்தித்து அல்லிசின் உண்டாகிறது, அந்தக் காரமும் மணமும் அதுதான். மனைப்பொருளியல் படிப்பித்த காலத்தில் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு ரசித்துப் படித்த பாடம் இது. நொதியம் சூட்டைத் தாங்காது. மெதுவாகக் காயவைத்தால் அதில் நல்ல பங்கு தூளுக்குள் உறங்கிக் கிடக்கும், தண்ணீர் பட்டதும் திரும்ப வேலை செய்யும். நீங்கள் தாச்சியில் வறுத்தபோது நொதியம் அழிந்தது, உள்ளியின் சீனிச்சத்தும் கருகியது. கசப்பு அதனால்தான்.

பாண் எடுத்த கையோடு போறணையில் வைத்தால் இதே கதைதான் நடக்கும், உள்ளே நெடுநேரம் சூடு மிஞ்சியிருக்கும். 60 பாகை செல்சியசைத் தாண்டாத சூடு வேண்டும். மின்சார ஓவன் வைத்திருப்பவர்கள் ஆகக் குறைந்த சூட்டில், கதவில் மரக்கரண்டி ஒன்றைச் செருகித் திறந்துவைத்து, எட்டு முதல் பன்னிரண்டு மணித்தியாலம் காயவிடலாம். மின்கட்டணத்தை நினைத்தால் எனக்கு மனம் வருவதில்லை. கார்த்திகை மார்கழி மாரியில் இந்த வேலையே வேண்டாம் என்பதுதான் என் முடிவு. கச்சானுக்குச் செய்து வைத்துக்கொண்டால் மாரி முழுக்கப் போதும்.

கேள்வி: தூள் போத்தலுக்குள் கல்லாக இறுகிவிட்டது. எறியவா?
வாசகர், திருக்கோவில்

பதில்: பூஞ்சண வாசமும் புள்ளியும் இல்லையென்றால் எறிய வேண்டாம். உடைத்து, வெயிலில் காயவைத்து, ஆறவிட்டு, திரும்ப அரையுங்கள். இனிமேல் பெரிய போத்தல் ஒன்றுக்குப் பதிலாகச் சின்னப் போத்தல்கள் நாலைந்தில் போடுங்கள். கொதிக்கிற சட்டிக்கு மேலே போத்தலைப் பிடித்துத் தட்டுகிற பழக்கத்தையும் விடுங்கள், ஆவி உள்ளே போய்த்தான் இறுகுகிறது. வறுத்து ஆறிய அரிசியைச் சின்னத் துணியில் முடிந்து உள்ளே போட்டால் ஓரளவு உதவும்.

கேள்வி: மகன் கத்தாரில் வேலை செய்கிறான், சமையல் தானேதான். உரித்த உள்ளியை எண்ணெயில் போட்டு அனுப்பினால் அவனுக்கு லேசாக இருக்கும் என்று நினைக்கிறேன். கெட்டுப்போகாதுதானே?
ஒரு தாய், செங்கலடி

பதில்: வேண்டாம் அம்மா. இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். பச்சை உள்ளி மண்ணிலிருந்து வருவது. மண்ணில் உள்ள குளொஸ்திரிடியம் பொட்டுலினம் என்ற கிருமியின் வித்துகள் அதில் ஒட்டியிருக்கலாம். எண்ணெய்க்குள் காற்றுப் போகாது, உள்ளியில் ஈரம் உண்டு, புளிப்பு இல்லை. அந்தக் கிருமி நஞ்சு உண்டாக்க அவ்வளவும் போதும். மணத்திலோ நிறத்திலோ தெரியாது. 1985 இல் கனடாவின் வான்கூவரில் ஓர் உணவகத்தில், எண்ணெயில் போட்டுக் குளிரூட்டாமல் வைத்த உள்ளியைச் சாப்பிட்டுப் பலர் இந்த நஞ்சால் பாதிக்கப்பட்டார்கள். வீட்டில் அப்படிச் செய்தாலும் பிரிட்ஜில் வைத்து மூன்று நாலு நாளில் முடித்துவிட வேண்டும். பயணத்துக்கு அனுப்பவே கூடாது.

தூளை அனுப்புங்கள். ஈரமில்லாத தூளில் அந்தக் கிருமி வளராது. மகனுக்கு இப்படிச் சொல்லிவிடுங்கள்: ஒரு பல்லுக்குப் பதிலாகத் தூள் கால் தேக்கரண்டிக்கும் குறைவாகப் போதும். கொதித்த எண்ணெயில் நேரே போடக் கூடாது, கணத்தில் கருகிவிடும். தூளை அதே அளவு பச்சைத்தண்ணீரில் குழைத்து ஐந்து நிமிடம் வைத்தால் மணம் எழும்பும், பிறகு கறியில் சேர்க்கலாம். கோழி பொரிக்கிற நாளில் உப்பு, மிளகாய்த்தூள், தேசிப்புளியோடு பிரட்டி வைத்தால், பச்சை உள்ளி போலக் கருகி ஒட்டாது.

ஊருக்கு வந்தால் மீன் ஆணத்துக்கு மட்டும் முழு உள்ளியைப் போட்டுக் கொடுங்கள். வெந்து குழைந்த பல்லுக்குத் தூள் ஈடாகாது. பிள்ளைப்பெற்ற வீட்டுப் பத்தியக் கறிக்கும் அதே பதில்தான். சரக்கோடு முழு உள்ளி வேகட்டும், தூளை அந்தச் சட்டிக்குக் கிட்டக் கொண்டுபோக வேண்டாம்.