டூல் நீளத்தை இயந்திரமே அளந்தால் என் மகனுக்கு என்ன வேலை?

அன்புள்ள அம்மா,

ஐ.டி.ஐ.யில் மெஷினிஸ்ட் பிரிவில் இரண்டாம் ஆண்டு படிக்கும் உங்கள் மகன், கணினி கட்டுப்பாட்டில் உலோகத்தை வெட்டும் சிஎன்சி இயந்திரம் டூல் (வெட்டும் கருவி) நீளத்தைத் தானே அளந்துகொள்வதைப் பார்த்துவிட்டு வந்து, "இனி செட்டர் வேலையே இருக்காது" என்றானாம். டூலைப் பொருத்தி, அளந்து, இயந்திரத்தை வேலைக்குத் தயார்செய்பவர்தான் செட்டர். வேறு படிப்பில் சேர்த்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் அம்மா. அவன் பார்த்தது பாதிதான்.

இயந்திரத்தில் இருபது டூல் இருந்தால் இருபதும் வெவ்வேறு நீளம். கையால் அளப்பவர்கள் டூலை ஜாபின் (வெட்ட வேண்டிய உலோகத் துண்டின்) மேல் மெல்ல இறக்கி, இடையில் ஒரு தாளை வைத்து இழுத்துப் பார்ப்பார்கள். தாள் பிடிபட்டதும் திரையில் தெரியும் எண்ணை, ஒவ்வொரு டூலின் நீளக் கணக்கும் இருக்கும் ஆஃப்செட் பக்கத்தில் பதிவார்கள். அங்கேதான் ஆபத்து. 152.340 என்பதை 125.340 என்று அடித்துவிட்டால், டூல் 27 மில்லிமீட்டர் கூடுதலாக இறங்கி ஜாபில் மோதும். டூல் உடைவதோடு போகாது, டூலைப் பிடித்துச் சுழற்றும் ஸ்பிண்டிலும் பழுதாகும்.

இதைத் தவிர்க்கத்தான் இயந்திர மேசையில் சென்சார் பொருத்துகிறார்கள். ஃபானுக் நிறுவனத்தின் கண்ட்ரோலில் (இயந்திரத்தை இயக்கும் கணினியில்) இதற்கு ஜி37 என்ற கட்டளை உண்டு. டூல் சென்சாரை நோக்கி இறங்கும். தொட்டவுடன் சிக்னல் போய் அசைவு நின்றுவிடும். தொட வேண்டிய இடத்துக்கும் தொட்ட இடத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்ட்ரோல் ஆஃப்செட்டில் தானே சேர்த்துக்கொள்ளும். எண்ணைத் தட்டும் வேலையே இல்லை.

ஆனால் டூல் முனையில் 0.2 மில்லிமீட்டர் உலோகச் சீவல் ஒட்டியிருந்தால்? இயந்திரம் அதையும் டூல் நீளம் என்றே எடுத்துக்கொள்ளும். வெட்டும் ஆழம் அந்த அளவுக்குக் குறைந்துபோகும். மேற்பரப்பைச் சமப்படுத்தும் அகலமான ஃபேஸ் கட்டருக்கு நடுவில் முனையே கிடையாது. ஓரத்தில் உள்ள இன்சர்ட் (வெட்டும் சிறு வில்லை) சென்சார் மேல் வரும்படி நகர்த்தி, வழக்கத்துக்கு எதிர்த்திசையில் சுழலவிட்டு அளக்க வேண்டும். வெப்பமும் விடாது: 200 மில்லிமீட்டர் எஃகு 10 டிகிரி சூடேறினால் சுமார் 0.02 மில்லிமீட்டர் நீளும். ஸ்பிண்டிலைச் சற்று ஓடவிட்டுப் பிறகு அளப்பதா, அளந்த எண்ணை நம்புவதா, நீளம் தெரிந்த மாஸ்டர் டூலை வைத்துச் சென்சாரையே சரிபார்ப்பதா என்று முடிவெடுப்பவர்தான் செட்டர்.

பொத்தானை மட்டும் அழுத்தத் தெரிந்தவருக்கு இனி இடம் சுருங்கும். இதை உங்களிடம் மறைக்க நான் விரும்பவில்லை. அதனால்தான் அவன் கையால் அளப்பதையும் விடாமல் பழக வேண்டும் என்கிறேன். தாள் பிடிபடும் அந்த உணர்வு விரலில் பதிந்தவனுக்கு, திரையில் தவறான எண் வந்தால் உடனே உறுத்தும்.

படிப்பு முடிந்ததும் அப்ரெண்டிஸ் பயிற்சிக்கு இடம் தேடும்போது உதவித்தொகை எவ்வளவு என்பதற்கு முன்னால், அங்கே டூல் செட்டர் சென்சார் இருக்கிறதா, பயிற்சி பெறுபவரைச் செட்டிங் செய்ய விடுவார்களா என்று கேளுங்கள். இப்போதைக்கு அவன் ஒரே டூலைக் கையால் ஐந்து முறையும் சென்சாரில் ஐந்து முறையும் அளந்து, பத்து எண்களையும் ஒரு நோட்டில் எழுதட்டும். அடுத்த முறை என்னைப் பார்க்க வரும்போது அந்த நோட்டோடு அவனையும் அழைத்து வாருங்கள்.