இயேசு கட்டுக்கதையா? கிறிஸ்தவ ஊழியர்கள் (பிரசங்கிகள்) பண்ற மோசடி அதுக்கு ஆதாரமா?

ஊழியர்கள் மோசடி பண்றாங்க, அதனால இயேசுவே கட்டுக்கதைன்னு சிலர் சொல்றாங்க. இப்படி ரெண்டையும் ஒண்ணா போட்டுக் குழப்பிக்கிறதாலதான் இந்தச் சண்டை முடியவே மாட்டேங்குது. இயேசுன்னு ஒரு ஆளே இல்லன்னு சொல்றது ரொம்ப பலவீனமான வாதம், ஏன்னா ஆரம்பகால கிறிஸ்தவ ஊழியர் பவுல் கலாத்தியருக்கு எழுதின கடிதத்துல, எருசலேம் போயி இயேசுவோட சீடர் பேதுருவோட 15 நாள் தங்குனேன், ஆண்டவரோட சகோதரன் யாக்கோபையும் பாத்தேன்னு எழுதுறாரு, சகோதரன்னு சொல்லப்படுற ஒருத்தர் உயிரோட இருக்கும்போது ஆளையே கற்பனை பண்ணிட முடியுமா என்ன? ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் கிறிஸ்தவர்களை வெறுத்தவர், அவரே ரோம ஆளுநர் பிலாத்து கையால கிறிஸ்து தண்டிக்கப்பட்டதை எழுதியிருக்காரு. ஆனா விசுவாசிகள் தூக்கிட்டு வர்ற முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் ஜோசபஸ் எழுதின, இயேசுவைப் பத்தின பகுதி இருக்கே, அதுல "அவரே கிறிஸ்து"ங்கிற மாதிரி வரிகளை பிற்காலத்துல கிறிஸ்தவர்கள் சேத்ததுன்னுதான் பெரும்பாலான அறிஞர்கள் சொல்றாங்க, அதை ஒத்துக்கிட்டே பேசணும். உயிர்த்தெழுதல் நடந்துச்சாங்கிறது வேற கேள்வி, அது நம்பிக்கை சார்ந்தது.

இப்ப ஊழியர் விஷயம். அமெரிக்காவுல டிவி பிரசங்கி ஜிம் பேக்கர் 1989ல மோசடி கேஸ்ல ஜெயிலுக்குப் போனாரு. அதனால ஏசு இல்லன்னு ஆயிடாது, ஆனா "ஊழியக்காரரை நியாயந்தீர்க்காதே"ன்னு வாயை அடைக்கிறதும் எனக்கு சுத்தமா பிடிக்காது. ஆதி சபையே (ஆரம்பகால கிறிஸ்தவர்கள்) இதுல ரொம்ப கறாரா இருந்திருக்கு! 1873ல கான்ஸ்டான்டிநோபிள்ல (இப்போ இஸ்தான்புல்) கிடைச்ச டிடாக்கேன்னு ஒரு பழைய சபை ஒழுங்கு நூல் இருக்கு, ஊர் ஊரா வர்ற அப்போஸ்தலன் (பிரசங்கம் பண்ண அனுப்பப்பட்டவன்) 3 நாள் தங்குனா கள்ளத் தீர்க்கதரிசி, கிளம்பும்போது ரொட்டிக்கு மேல எதுவும் வாங்கக்கூடாது, காசு கேட்டா அவனும் கள்ளன்தான்னு அதுல பச்சையாவே எழுதியிருக்கு.