கொடைக்கானல் குளிரில் கப்பியும் ஃபைட்டரும் பிழைக்குமா?

கேள்வி: அடுத்த மாதம் மதுரையிலிருந்து கொடைக்கானலுக்கு மாற்றலாகிப் போகிறோம். வீட்டில் கப்பி, ஃபைட்டர் மீன்கள் இருக்கின்றன. அங்கே வளர்க்க முடியுமா? ஹீட்டர் கட்டாயமா?

வளர்க்கலாம். ஹீட்டர் கட்டாயம். ஆனால் ஹீட்டரை மாட்டிவிட்டால் போதும் என்று நம்பித்தான் நான் ஒரே வாரத்தில் பதினான்கு கப்பிகளைப் பறிகொடுத்தேன்.

எங்கள் வீடு நாயுடுபுரம் பக்கம். அந்த மார்கழியில் ஓர் இரவு பத்து மணிக்குப் போன கரண்ட் விடிந்துதான் வந்தது. இரவு 26 டிகிரி இருந்த தொட்டித் தண்ணீர் காலையில் 17. அது 20 லிட்டர் தொட்டிதான். பாதி மீன்கள் அடியில் கிடந்தன. மீதி இருந்தவற்றுக்கு உப்புத் தூவியதுபோல் வெள்ளைப்புள்ளி நோய் வந்து, அவையும் ஒவ்வொன்றாகப் போயின. மூன்றாம் வகுப்பு படித்த என் மகள் அந்த வாரம் முழுக்கத் தொட்டிப் பக்கமே வரவில்லை.

குளிரைவிட, தண்ணீரின் சூடு சட்டென்று இறங்குவதுதான் மீனை அதிகம் வதைக்கிறது. அதனால் தொட்டி பெரிதாக இருக்கட்டும். 60 லிட்டர் தண்ணீர் ஆறுவதற்கு 20 லிட்டரைவிட வெகுநேரம் பிடிக்கும். அடியிலும் மூன்று பக்கமும் தெர்மாகோல் ஒட்டுங்கள். ஜன்னலோரம் வேண்டாம், உள்சுவரை ஒட்டி வையுங்கள். கணப்புப் பக்கத்திலும் வேண்டாம், ராத்திரி சூடேறி விடியலில் இறங்கிவிடும். கரண்ட் போனால் தொட்டியின் பக்கங்களைக் கம்பளியால் சுற்றிவிட்டு, வெந்நீர் நிரப்பி இறுக மூடிய பாட்டிலை உள்ளே மிதக்க விடுங்கள், ஆற ஆற மாற்றுங்கள். 60 லிட்டருக்கு 100 வாட் ஹீட்டர் வாங்குங்கள். சமவெளியில் சொல்லும் 50 வாட் கணக்கு இங்கே டிசம்பர், ஜனவரியில் தாங்காது. ஏரிப் பக்கம் புல்லில் உறைபனி படியும் மாதங்கள் அவை.

ஃபைட்டருக்கு மூடி அவசியம். அது மேலே வந்து காற்றையும் குடிக்கிற மீன். தண்ணீர் 26 டிகிரி, அதன்மேல் காற்று 12 டிகிரி என்றால் அதற்கு ஆகாது. மூடி இருந்தால் மேல்காற்றும் வெதுவெதுப்பாகவே நிற்கும்.

கப்பிக்கு இன்னொரு சிக்கல் தண்ணீர். மதுரையில் போர்த் தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தில் வெள்ளையாகப் படியுமே, இங்கே வந்து பாருங்கள், அது படியாது. பாறைமேல் ஓடிவரும் ஊற்றுத் தண்ணீர், சுண்ணாம்புச் சத்து மிகவும் குறைவு. கப்பிக்கு அந்தச் சத்து வேண்டும். இல்லாவிட்டால் இருந்த இடத்திலேயே உடம்பை ஆட்டிக்கொண்டு, துடுப்பை மடக்கிக்கொண்டு மெலியும். நாள் போகப்போகத் தண்ணீரில் புளிப்பும் ஏறும். கழுவிய கிளிஞ்சல் ஒரு கைப்பிடி எடுத்து வலைப்பையில் கட்டி ஃபில்டருக்குள் போட்டுவிடுங்கள், மெல்லக் கரையும். சுட்ட கிளிஞ்சல், அதாவது சுவருக்கு அடிக்கிற சுண்ணாம்பு, போட்டுவிடாதீர்கள். மீன் வெந்தே போகும்.

தண்ணீர் மாற்றும் நாளில் கை வைத்துப் பார்த்துவிட்டு ஊற்றாதீர்கள். குளிர்காலத்தில் நம் கையே மரத்துப் போயிருக்கும். தெர்மாமீட்டர் வையுங்கள். பக்கெட்டில் பிடித்த தண்ணீரை ஒரு நாள் வீட்டுக்குள் வைத்தால் குளோரினும் பெரும்பாலும் போய்விடும். பிறகு வெந்நீர் கலந்து, தொட்டிச் சூட்டுக்குக் கொண்டுவந்து, நாலில் ஒரு பங்கு மட்டும் மாற்றுங்கள்.

ஏர் பம்ப்பை நிறுத்தாதீர்கள். 2,100 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்று மேல்தான். தண்ணீரில் கரையும் ஆக்சிஜனும் அதே அளவுக்குக் குறையும். அதைச் சூடாக்கினால் இன்னும் குறையும். பேட்டரி பம்ப் ஒன்று கையிருப்பில் இருந்தால் நிம்மதி.

இவ்வளவு பாடு வேண்டாம் என்றால் கோல்டு ஃபிஷ் வளருங்கள். வத்தலக்குண்டுக் கடைக்காரர் முதல் நாளே சொன்னார், "மலைக்குக் கொண்டு போறதா இருந்தா கோல்டு ஃபிஷ் எடுத்துட்டுப் போங்கக்கா." நான்தான் மகள் கேட்டாள் என்று கப்பி வாங்கினேன். இப்போது 120 லிட்டர் தொட்டியில் இரண்டு கோல்டு ஃபிஷ், ஆறு வருடமாக, ஹீட்டர் இல்லாமல். நீண்ட ஒற்றை வாலும் ஒல்லி உடம்பும் உள்ள வகை அது. குண்டு உடம்பு ஒராண்டா அவ்வளவு குளிர் தாங்காது. தண்ணீர் 15 டிகிரிக்குக் கீழே போனால் தீனியைப் பாதியாக்குவேன், 10-க்குக் கீழே என்றால் நிறுத்தியே விடுவேன். குளிரில் அதற்குச் செரிக்காது. கண்ணாடிக் கிண்ணத்தில் மட்டும் வளர்க்காதீர்கள், அது அந்த மீனுக்குச் செய்கிற கொடுமை.

புதுத் தொட்டியைப் பழக்கவும் இங்கே பொறுமை வேண்டும். மீன் கழிவைச் செரிக்கும் பாக்டீரியா குளிரில் மெதுவாகத்தான் பெருகும். உங்கள் பழைய ஃபில்டர் ஸ்பாஞ்சைக் கழுவாமல், தொட்டித் தண்ணீரிலேயே நனைத்தபடி கொண்டுவாருங்கள். அதுதான் புதுத் தொட்டிக்கு உறைமோர்.

பயணம்தான் மிச்சம். மீன் பையில் காற்றை விறைப்பாக நிரப்பாதீர்கள். மலை ஏற ஏறச் சிப்ஸ் பாக்கெட் உப்புவதுபோல் அதுவும் உப்பும். முந்தின நாள் தீனி வேண்டாம். பைகளைத் தெர்மாகோல் பெட்டியில் வைத்து மூடி, பஸ்ஸானாலும் காரானாலும் மடியிலோ காலடியிலோ வைத்துக்கொள்ளுங்கள். வீடு வந்ததும் பையை அரைமணி நேரம் தொட்டியில் மிதக்க விட்டு, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு டம்ளர் தொட்டித் தண்ணீரைப் பைக்குள் ஊற்றுங்கள். தண்ணீரே வேறு என்பதால் ஒரு மணி நேரமாவது இப்படிச் செய்து, வலையில் மீனை மட்டும் எடுத்து விடுங்கள். அன்று இரவு விளக்குப் போட வேண்டாம்.